தங்கச் சுரங்கத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலிலிருந்து ஒரு தங்கச் சுரங்க ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். எங்கள் மலையில் எந்தப் பாறைப் பொந்துக்குள் கைவிட்டாலும் குளிரும். பேத்துப்பாறைப் பக்கம் சித்திரை வெயிலிலும் பாறை இடுக்கு சில்லென்று மூச்சு விடும். அப்படியென்றால் பூமியின் அடிவயிறு எப்படிக் குளிரும்! இரட்டை நூலில் கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தினமும் அதைச் சோற்றுத் தூக்கோடு எடுத்துப் போனார்.

கீழே வெடி வைத்தால் என் சமையலறைப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அவர் வீடு திரும்பும்வரை அடுப்பையே பார்த்து நிற்பேன். ஒரு வருஷம் தாங்கினேன். பிறகு அப்பாவை வரச் சொன்னேன். மலைப்பாதையில் லாரி ஓட்டும் அப்பா, என்னைக் கூட்டிப் போக வந்து இறங்கினார்.

"மாப்ள, ஒரு தடவ அந்தச் சுரங்கத்த எங்க கண்ணுல காட்டிருங்க. இருக்காளா, வர்றாளான்னு அப்புறம் அவளே சொல்லட்டும்."

அனுமதி கிடைத்தது. முதலில் ஆபீசை ஒட்டிய காட்சி அறை. அந்தக் காலத்து ஆட்கள் மெழுகுவத்தியை ஒட்டிக்கொண்டு இறங்கிய தொப்பி. கண்ணாடிப் பெட்டிக்குள் மொத்தச் சுரங்கத்தின் மாதிரி வடிவம் நூல் நூலாக இறங்கியது, கிளைத்தது, மறுபடி இறங்கியது. மேலே தீப்பெட்டி அளவில் வீடுகள். "நம்ம வீடு" என்று அவர் விரல் வைத்தார். நான் கோலம் போடும் வாசலுக்கு அடியில் இத்தனை தெருக்களா!

இறங்குபவர்களுக்கு விளக்கு கொடுக்கும் அறையில் ஸ்வெட்டரை ஓர் ஆணியில் மாட்டினார். "போட்டுக்கங்க" என்றேன். "அப்புறம்" என்றார். நான் சால்வையும் குல்லாயுமாக, ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டில் ஏறினேன். மணி அடித்தது. தரை காலை விட்டுப் போனது. காது அடைத்தது. இருட்டில் அப்பா குரல்:

"வத்தலக்குண்டு வந்துருச்சாம்மா?"

எங்கள் மலைப்பாதை இறங்கி முடியும் ஊர் அது. சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "பிரேக்கு யாரு கையில மாப்ள?"

"மேல இன்ஜின் ரூம்ல ஒருத்தர் இருக்காரு மாமா. அவருக்கு நாம தெரிய மாட்டோம். மணிச் சத்தந்தான் கணக்கு."

"ஆத்தாடி" என்றார் அப்பா.

கீழே கூண்டு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. ஆட்கள் வெற்றுடம்போடு நின்றார்கள். பாறையில் கை வைத்தேன். சுட்டது. காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது. வெயிலே எட்டாத இடத்தில் இது யார் மூட்டிய அடுப்பு? தங்கம் ஒரு மினுக்குக்கூடக் காட்டவில்லை. கறுத்த கல்லில் வெள்ளை வரி, அவ்வளவுதான். விளக்குகளை ஒரு நிமிஷம் அணைத்தார்கள். எங்கள் சோலைக்காட்டு இருட்டுக்கு ஓர் ஓரமாவது உண்டு. இதற்கு இல்லை. என் கையே எனக்கு இல்லாமல் போனது.

"ஏங்க, இந்த வேக்காட்டுக்கா ஸ்வெட்டர் பின்னுனேன்? சொல்லக் கூடாதா?"

"மேல வா."

கூண்டு ஏறும்போது, நனைந்த உடம்பெல்லாம் மேல்காற்று ஊசியாக இறங்கியது. பல் கிட்டியது. விளக்கு அறையில் ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து என்மேல் போட்டார். "மேல வர்றப்பதான் குளிரும். தெனமும் கை மொதல்ல இதத்தான் தேடும்."

அதில் ஒரு வருஷத்து வியர்வை வாசம் இருந்தது.

அப்பா நடுங்கியபடியே என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளனே பஸ்ஸு. எத்தன டிக்கெட்டும்மா?"

"ஒண்ணுப்பா. நம்ம ஊரு பஜார்ல உல்லன் நூல் வாங்கி அனுப்புங்க. உங்களுக்கும் சேத்து."

மறுநாள் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. பயம் அப்படியே இருந்தது. ஆனால் அடுப்பைப் பார்க்கவில்லை. செருப்பில்லாத காலை சிமெண்டுத் தரையில் அழுத்தி நின்றேன். அத்தனை நெருப்புக்கு மேல், அது குளுகுளுவென்று கிடந்தது.