அண்ணி தைத்த அங்கி

என் அண்ணிக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். பதினோரு வருடமாக ஒரு தையல் கூடத்தில் ஆஸ்பத்திரி அங்கி தைக்கிறாள். முதுகுப் பக்கம் திறந்திருக்கும், நாடாவால் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கி. நாடா பிய்ந்து வராமல் இருக்க மற்றவர்கள் அந்த இடத்தில் இரண்டு முறை தையல் ஓட்டுவார்கள். அண்ணி மூன்று முறை. பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. கூடவே, "இதப் போட்டுக்கிறவங்கள பாத்துக்கோங்க ஆண்டவரே" என்று ஒரு முணுமுணுப்பு. நூல் வீணாகிறது என்று சூப்பர்வைசர் கத்துவார். இவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள், மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஜெபத்தை நிறுத்திவிட்டாள். "நான் கேட்டா அவருக்குக் காது கேக்காது. விடு" என்றாள். அண்ணனும் நானும் முழங்கால் போட்டால் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். எனக்கும் கோபம்தான். யார் மேல் என்று வெளியே சொல்லத்தான் தைரியமில்லை.

ஆபரேஷன் அன்று காலை துணி மாற்றும் அறைக்கு அவளோடு நான் போனேன். அங்கியை மாட்டிக்கொண்டு முதுகில் கையைவிட்டுத் துழாவினாள். நாடா எட்டவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினாள். நாடாவும் கூடவே சுற்றியது.

"எந்தக் கூறுகெட்டவ தச்சா இத? மனுஷிக்கு முதுகுலயா கை முளைச்சிருக்கு?"

"ஆடாம நில்லுங்க அண்ணி, நான் கட்டறேன்."

"ஒண்ணும் கட்ட வேணாம். எனக்கு ஆபரேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் சேலையக் குடு, வீட்டுக்குப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதவு வரை போய்விட்டாள். நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்புக்கு அது பிய்ந்திருக்க வேண்டும், பிய்யவில்லை. குனிந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"அண்ணி, அந்தக் கூறுகெட்டவ யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

அங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். தையலை நகத்தால் தடவினாள். திரும்பவும் தடவினாள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் பொத்துக்கொண்டு வந்ததே ஒரு சிரிப்பு, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, போட்டுக்கிறவங்கள பாத்துக்கோங்கன்னு அத்தன வருஷம் கேட்டேனே, அது நானாடி?"

எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள மயக்க ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். இன்னும் சிரித்தோம்.

அண்ணி அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "ஆண்டவரே, போட்டுக்கிட்டேன்" என்றாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. "பாத்துக்கோங்க."

நான் முடிச்சுப் போட்டேன். அவள் விரல்கள் பயத்தில் சில்லிட்டுத்தான் இருந்தன. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. தள்ளுப் படுக்கையில் குலுங்கிக் குலுங்கிப் போனவளைப் பார்த்து அண்ணன் வெளிறிப்போய் ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"பயப்படாதீங்க" என்றாள் அண்ணி. "மூணு தையல் போட்டிருக்கு."