பத்தாவது வாளி

எங்கள் பேக்கரி நெய்வேலி நகரியத்தில் ஒரு பிளாக்கின் கடைவரிசையில் இருக்கிறது. இப்போது தம்பி நடத்துகிறான். கடை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார். "அவருக்கு மாவு பெசையறதுலதான் இஷ்டம்." நானும் பல வருடம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாத்தாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அதற்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தது. பிள்ளைகள் இருவர். வேலை பெரியப்பாவுக்குப் போயிற்று. அப்பா பண்ருட்டியில் ஒரு பேக்கரியில் சேர்ந்து இரண்டு வருடம் அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு இங்கே வந்து கடை போட்டார். முதலில் பிரெட்டும் பன்னும் மட்டும்தான். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை ஓரமாக நிறுத்திச் சூடாக வாங்கிப் போவார்கள். பர்மனென்ட் வேலை இல்லாதவருக்குப் பெண் கொடுக்க யோசித்ததால் அப்பாவின் கல்யாணம் ரொம்பத் தள்ளிப் போனது. அம்மா வந்த பிறகு பப்ஸ் வந்தது, பிறந்தநாள் கேக் வந்தது. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா பாண்டிச்சேரிக்குப் போய் சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். இந்த வெயிலில் சாக்லேட்டா என்று சிரித்தவர்கள் அந்தத் தீபாவளிக்குக் கிலோ கணக்கில் வாங்கினார்கள்.

பெரியப்பா இரண்டு பிளாக் தள்ளி குவார்ட்டர்ஸில் இருந்தார். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றுமில்லை. விசேஷங்களுக்குப் போய்வருவோம். ஆனால் அவர் எங்கள் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பிரெட் வேண்டுமானால் பெரியம்மாதான் வருவார். பெரியப்பாவுக்கு இனிப்பு ஆகாது என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் பெரியப்பா ரிட்டையர் ஆனார். அவருடைய செக்‌ஷன்காரர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்து கேக் சொன்னார்கள். பெரியப்பா ஓட்டிய மெஷின் மாதிரி மேலே ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். முன்னால் பெரிய சக்கரமும் சக்கரத்தைச் சுற்றி வாளிகளுமாகச் சுரங்கத்தில் மண் வெட்டும் மெஷின் அது. படம் தருகிறோம் என்றதற்கு அப்பா, "படம் வேணாங்க" என்றார்.

இரண்டு நாள் அப்பா வேறு வேலை பார்க்கவில்லை. டின் தகட்டை வெட்டி மடித்து அவரே அச்சு செய்தார். அம்மா சாக்லேட்டை உருக்கி ஊற்ற ஊற்ற, அப்பா ஒவ்வொரு வாளியாக எடுத்துக் கத்தி முனையால் விளிம்பில் மண் வெட்டும் பல் செதுக்கினார். பத்து வாளி. ஒன்று கோணலாக வந்ததற்குத் திரும்ப உருக்கச் சொன்னார்.

"யாரு பாக்கப் போறா?" என்றார் அம்மா.

"அண்ணன் பாப்பாரு."

விழா அன்று மாலை கேக்கை ஆட்டோவில் ஏற்றினோம். பெட்டியைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. அப்பா கத்தியை மறந்துவிட்டுக் கடைக்குள் திரும்பிப் போனார். நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு மட்டும்தான் தூக்கினேன். ஆனால் கீழ்ப்பக்கத்து வாளி ஒன்று லேசாக ஆடுவதுபோல் இருந்தது. எப்படியும் விழப்போவதுதானே என்று அதை எடுத்துத் தின்றுவிட்டேன். அப்பா திரும்பி வரும்போது பெட்டி மூடியிருந்தது.

ஹாலில் மாலை போட்டார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். மேசையில் கேக்கை வைத்ததும் எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்தார்.

"டேய், நீ எங்க அப்ரன்டிஸ் பேட்ச் இல்ல? ஐ.டி.ஐ. முடிச்சி எங்ககூட மெஷின்ல ஏறினவன்தான? மெஷின மறக்கவேயில்லையேடா."

அப்பா சிரித்துக்கொண்டு மேசை விரிப்பைச் சரிசெய்தார். அப்பா மெஷினில் ஏறியவர் என்பது எனக்குப் புதிய செய்தி. அதை யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. பெரியப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஒவ்வொரு வாளியாக நகர்ந்தது.

"ஒண்ணு கொறையுதேடா."

அப்பா ஒரு கணம் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாண்ணே தப்பா செஞ்சுட்டன். எனக்கு என்னா தெரியும் மெஷினப் பத்தி."

பெரியப்பா நிமிர்ந்தார். "உனக்கா தெரியாது?" என்றார். மாலையோடு நின்றுகொண்டு அழுதார். ரிட்டையர் ஆகிற எல்லோரும் அழுவதுதான் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா கத்தியை எடுத்து அவர் கையில் வைத்து, "வெட்டுண்ணே, உருகுது" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் என் தவறை ஒப்புக்கொண்டேன். "தெரியும். வாயத் தொடச்சிக்கோ" என்றார் அப்பா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அதோடு தீர்ந்திருக்கும்.

ஒரு வாளிக்காக ஒரு பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் அழுதது என் மனதை அரித்தது. மறுநாள் அம்மாவிடம் மீந்திருந்த சாக்லேட்டை வாங்கி, அதே தகட்டு அச்சில் ஊற்றி, பல்லும் செதுக்கிக் கிண்ணத்தில் வைத்து பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்காகச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பன் குடுத்தனுப்புனானா?"

"இல்ல பெரியப்பா. நேத்து ஒண்ணு கொறைஞ்சதே, அதுக்கு. நான்தான் தின்னுட்டேன். அப்பா சரியாத்தான் செஞ்சாரு. பத்தும் வச்சாரு."

பெரியப்பா கட்டிய மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். வாளியைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை. சாக்லேட் உருகி அவர் விரலிடுக்கில் வழிந்தது.

"சரியாத்தான் செஞ்சானா?" என்று கேட்டார்.

"ஆமா பெரியப்பா."

அவர் கண் மறுபடியும் நிறைந்துவிட்டது. நான் வெறும் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பாவுக்குப் பிடித்திருந்ததா என்று அம்மா கேட்டார். பல் சரியாக வரவில்லை, அடுத்த தடவை அப்பாவையே செதுக்கச் சொல்ல வேண்டும் என்றேன்.