மூன்றாவது அடுப்புக்கல்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, என் அப்பா யுத்தத்தில் வெடிக்காமல் கிடந்த ஒரு ஷெல் குண்டை அடுப்புக்கல்லாக வைத்துப் பால் காய்ச்சினார். அதன் பக்கத்தில் முகத்தை வைத்து நெருப்பு ஊதினார். இதை நான் என் கண்ணால் கண்டேன். மாதங்கள் கடந்துவிட்டன. ஆனாலும் பால் பொங்குகிற சத்தம் கேட்டால் இன்றும் நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் யுத்தத்துக்குப் பயந்து இளவயதில் படகேறி இந்தியாவுக்குப் போனவர்கள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் அங்கே முகாமில் பிறந்தேன். பத்து வயதில் மன்னாருக்குத் திரும்பி வந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

நறுவிலிக்குளத்துப் பக்கம் அப்பப்பாவின் காணி ஒன்றரை ஏக்கர், முப்பது வருடத்துக்கு மேலாக ஆள் காலடி படாமல் உடைமுள்ளும் பற்றையுமாய்க் கிடந்தது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கடிதமெல்லாம் நானே எழுதி, அதை எங்கள் கைக்கு எடுத்தேன். கிணறு எங்கே, வீடு எங்கே, முருங்கை எங்கே என்று கொப்பியில் வரைந்தும் வைத்திருந்தேன். அந்தக் காணியில் ஷெல் கிடக்கும் என்று மட்டும் நான் நினைக்கவே இல்லை.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை மூவரும் ஓட்டோவில் போனோம். பற்றை வெட்டத் தொடங்குமுன் செபம் சொல்லிப் பால் காய்ச்ச வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். அம்மா பானையின் விளிம்புவரை பாலை ஊற்றினார்.

"என்னம்மா இது? பாதிப் பால் மண்ணுக்குத்தானே போகப்போகுது?"

"மண்ணுக்குக் குடுக்கத்தானடி காய்ச்சிறது. பட்டம் எடுத்தவவுக்கு இது தெரியேல்லையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அடுப்புக்கென்று மூன்று சீமெந்துக் கல் கொண்டுபோயிருந்தோம். வழியில் ஒன்று உடைந்துபோனது. அது மணல் பூமி, தேடினாலும் கல் கிடைக்காது. அடுப்புக்கு இடம் எடுக்க ஒரு பற்றையை இழுத்தபோது, வேருக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று வந்திருக்கிறது. அப்பா அதை மண்ணில் ஊன்றி, மூன்றாவது கல்லாக வைத்து, நெருப்பை மூட்டிவிட்டார்.

நான் திரும்பி வந்து, படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். திரையில் அடுப்பைப் பெரிதாக்கினேன். அந்த இரும்பின் மேல்முனையில் மீன் செட்டை மாதிரி நாலு சின்னத் தகடுகள் இருந்தன.

ஆறாம் வகுப்பில், வெடிபொருள் பற்றிச் சொல்லித்தர வந்தவர்கள் இதே உருவத்தைப் படப்பலகையில் காட்டியிருந்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, வீட்டில் போய்ச் சொல் என்றார்கள். சோதனைக்கு வரும் என்று மனப்பாடம் செய்தேன். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படிக்காதவர்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று அந்த வயதிலேயே நினைத்தேன்.

"அப்பா, எழும்புங்கோ! இங்கால ஓடி வாங்கோ!"

"பொறு பிள்ளை, இன்னும் பொங்கேல்லை."

"அது ஷெல் அப்பா!"

"விசர்க்கதை கதையாதை. அது என்ர அப்பற்ற தண்ணிப் பம்பின்ர துண்டு. அவர் வைச்சிருந்த சாமானிலை இது ஒண்டுதான் மிஞ்சியிருக்கு." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து ஊதினார். "பொங்க முதல் அடுப்பை விட்டு எழும்பினால் காணி விளங்காது."

நெருப்பை அணைக்கலாம் என்றால், தண்ணீர்க் கான் ரோட்டில் நின்ற ஓட்டோவுக்குள் இருந்தது. கிட்டப் போகாதே என்று மனப்பாடம் செய்தது என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. அம்மா கையில் செபமாலையோடு அப்படியே நின்றார். எனக்குத் தெரிந்த செபம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, பொங்க வையும். இப்பவே பொங்க வையும்."

அவ்வளவுதான் கேட்டேன். பால் எழும்பியது. விளிம்புவரை இருந்த பால் நாலு பக்கமும் சரிந்து கொட்டியது. சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. விறகில் ஒரு பொட்டு நெருப்பும் மிஞ்சவில்லை.

அப்பா துள்ளி எழும்பினார். "பொங்கிட்டுது! கிழக்காலதான் முதல் பொங்கினது, பாத்தனியோ?"

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவையும் இழுத்தேன். முள்ளுக்குள்ளால் ஓடி ரோட்டுக்கு வந்தபோது மூன்று பேர் காலிலும் செருப்பு இல்லை.

நான் போன் செய்தேன். வெடிபொருள் அகற்றுகிற ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் எரிஞ்சது?" என்றார். கால் மணித்தியாலம் இருக்கும் என்றேன். அவர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் அணைச்சது நெருப்பை?"

"பால்," என்றார் அம்மா.

பின்னேரம் அதைப் பாதுகாப்பாக வெடிக்க வைத்தார்கள். தூரத்தில் நின்ற எங்களுக்கே நெஞ்சு அதிர்ந்தது. அப்பா ரோட்டிலேயே குந்திவிட்டார். "பம்பெண்டெல்லோ நினைச்சனான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தக் கிழமையே இருவரையும் கதிரையில் இருத்தி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் படம் கீறிக் காட்டினேன். இவ்வளவு காலமும் சொல்லாததுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அம்மா ஒரு வரியில் முடித்தார்: "உனக்கு வாய் இருக்குதெண்டு இப்பதான் தெரியுது."

காணி முழுவதையும் சோதித்துத் தர மாதங்கள் எடுத்தன. காத்திருந்தோம். இன்று அங்கே கிணறு இருக்கிறது, தண்ணீர் உவர் இல்லை. முருங்கைத் தடிகள் துளிர்த்துவிட்டன. பக்கத்துக் காணிகளைத் திருத்த வருகிறவர்களிடம் அப்பாவே முதலில் போகிறார். "தெரியாத இரும்பைத் தொடாதேங்கோ, என்ர மகளைக் கேளுங்கோ," என்கிறார்.

இரண்டாம் முறையும் பால் காய்ச்சினோம். மூன்று கல்லையும் நானே சுமந்துபோனேன். பாலையும் நானே ஊற்றினேன், விளிம்புவரை.

சகோதரங்களே, நான் வீண் என்று சிரித்த பாலைக்கொண்டுதான் ஆண்டவர் என் அப்பாவைத் திருப்பித் தந்தார். அவருக்கு நன்றி. நீங்களும் அவரை நம்புங்கள், அளந்து பார்த்து நம்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த நல்லது ஏதாவது இருந்தால், இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். நான் பதினைந்து வருடம் பிந்தினேன்.