ஐஸ் ஏற்றாத போட்டு

நேற்று எதிர்வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை ஜன்னல் வழியாக வந்து என் சோற்றுத் தட்டு வரைக்கும் எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்த ஓட, நான் மட்டும் ரசத்தை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் இழுத்து இழுத்து மோந்துகொண்டு நின்றேன். "இதுக்கு ஒரு வைத்தியம் பாத்தே ஆகணும்" என்றாள் மனைவி. வைத்தியமெல்லாம் தாண்டிப்போன கேஸ் நான். அவளுக்கும் அது தெரியும்.

எனக்கு மாடல் செய்கிற பைத்தியம். நிஜக் கப்பலையோ விமானத்தையோ அளவு பிசகாமல் சுருக்கி மேஜைமேல் நிற்கவைக்கிற வேலை. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றால் எல்லாமே நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான், ஏணிப்படி உட்பட. ஊர் அதைப் பொம்மை என்று சொல்லும். சொல்லட்டும். எண்ணூர் யார்டில் பகலெல்லாம் நாற்பதடி கண்டெய்னரை எண்ணுகிறவன், வீட்டுக்கு வந்து மிளகு சைஸ் சக்கரத்துக்குக் கறுப்பு அடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒருமுறை விமான இறக்கையோடு என் கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். பிய்க்க முடியாமல் அப்படியே வேலைக்குப் போனேன். யார்டில் ஒருத்தரும் என்னவென்று கேட்கவில்லை. அதுதான் பெரிய அவமானம்.

எனக்கு வாய்த்த கூட்டாளிகளும் இதே ரகம். செல்வம் காசிமேட்டில் மீன்பிடி போட்டு இன்ஜின் மெக்கானிக், நெட்டைக் கொக்கு. ஆரோக்கியம் ராயபுரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி. "இவன் கிரேன் மேல ஏறுனாதான் மாமு கண்ணுக்கே தெரிவான்" என்பான் செல்வம்.

ஊரிலுள்ள மாடல்காரர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சியும் போட்டியுமாகக் கூடுவார்கள். எப்போதும் அடையாறு பக்கம்தான். ஒரு வருஷம் வழக்கமான ஹால் கிடைக்காமல் போக, ஆரோக்கியம் தன் மாதா கோயில் ஹாலைப் பேசி முடித்துவிட்டான். நம்ம ஏரியாவுக்கே வருகிறது! மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. செல்வம் மட்டும் திடீரென்று சீரியஸாகி, "எங்க நைனாவோட போட்ட செய்யலாம் மாமு" என்றான்.

நைனா என்றால் அவன் அப்பா தனபால், டிரைவர். மீன்பிடி விசைப்படகை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முட்டி போனதும் போட்டை விற்றவர், அதோடு ஹார்பர் பக்கம் காலே வைக்கவில்லை. போட்டு என்று வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். "அவரு வந்து பாத்துட்டு, இது என் போட்டுன்னு ஒரு வார்த்த சொல்லணும். கப்பு கிப்பு எனக்கு வேணா" என்றான் செல்வம். சொல்லும்போது அவன் எங்களைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டு வேறொருவர் கைக்குப் போய்ப் பச்சைப் பெயின்டில் நின்றது. அளக்கப் போனோம். நான் கொண்டுபோன டேப், போன நிமிஷமே கையைவிட்டு நழுவி ஹார்பர் தண்ணீரில் விழுந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்ததை எடுக்கிறவன் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

"டேப்பு இன்னாத்துக்கு? பாகம் போடு" என்றான் செல்வம். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். கடலில் ஆழம் பார்ப்பதும் கயிறு அளப்பதும் இன்றைக்கும் அதில்தான். அவன் கையை விரித்து விரித்துப் போட்டின் நீளத்தை அளந்தான். அதற்குள் யாரோ இன்ஜின் ரிப்பேர் என்று கூப்பிட, அவன் போய்விட்டான். மேலே இருக்கிற கேபினை ஆரோக்கியம் தன் கையை விரித்து அளந்தான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு பாகம் ஆறடி என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பெருக்கினேன். யார் கை, எவ்வளவு நீளக் கை என்று ஒருத்தருக்காவது தோன்றவேண்டுமே! அளவு அளவு என்று உயிரை விடுகிற மூன்று பேர்.

நாலு மாசம் வேலை. கொசுவலையைச் சாயம் தோய்த்து மீன்வலை செய்தோம். செங்கல் தூளை உரசித் துரு ஏற்றினோம். கடைசியில் ஆரோக்கியம் மட்டும் தலையைச் சொறிந்தான். "கேபின் கொஞ்சம் தூக்கலா கீதே?"

"ஒன் ஒசரத்துல இருந்து பாத்தா அப்டித்தான் தெரியும்" என்று அவன் வாயை அடைத்தான் செல்வம்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. மெழுகுவர்த்தி வாசனை, பசை வாசனை, பின்கட்டில் பிரியாணி வாசனை. தெற்கிலிருந்து வந்தவர்கள் மேம்பாலத்தடியில் வழி தவறி, லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பீரங்கியும் விமானமுமாக வேர்த்து வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தன் போர்க்கப்பலில் கட்டிய கயிறெல்லாம் மகளின் தலைமுடி என்றார். மகள் பக்கத்தில்தான் முறைத்துக்கொண்டு நின்றாள்.

நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குனிந்தார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"யார் வூட்டு போட்டுடா இது?"

"நம்மள்து, நைனா."

"போடா டேய். கேபின் இன்னாடா கல்யாண மண்டபம் மாரி கீது? எப்டி அளந்தீங்கோ?"

சொன்னோம். செல்வத்தையும் ஆரோக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கையை விரிக்கச் சொன்னார். ஒருவன் கை அடுத்த மேஜை விமானத்தைத் தட்டப் பார்த்தது. இன்னொருவன் கை இவன் முழங்கையைக்கூடத் தாண்டவில்லை. நெட்டைக் கை அளந்த போட்டு குறுகிவிட்டது, குட்டைக் கை அளந்த கேபின் பெருத்துவிட்டது. நைனா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அப்புறம் பீரங்கி பார்க்க நகர்ந்துவிட்டார். செல்வம் வெளியே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு நோட்டைக் கிழித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து நடுவர் வந்தார். சட்டைப்பையில் அளக்கிற காலிப்பர், பேச்சில் மரியாதை. "வேலைப்பாடு நல்லா இருக்கு. ஆனா அளவு பொருந்தல. இவ்ளோ பெரிய கேபின் வெச்சா இந்த போட் தண்ணில கவுந்துடும்."

"ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

"இன்னா சொன்ன? கவுந்துடுமா?" மூன்று மேஜை தள்ளியிருந்து நைனா முட்டிவலி மறந்து வந்துவிட்டார். நடுவரின் சட்டை அவர் கையில். "இருவது வருசம் ஓட்னவன் நான். பொயலு, மழ, எல்லாம் பாத்தாச்சு. ஒரு நாளு கவுந்துகீதா? என் போட்ட பத்தி எங்கிட்டயே பேசுறியா நீ?"

நான் கேட்டுக்கு ஓடினேன். "செல்வம், உங்க நைனா நடுவர் சட்டையப் புடிச்சுட்டாருடா!"

"அய்யோ, எதுக்கு?"

"என் போட்டுன்றாருடா!"

அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே. வாசலில் ஒரு செருப்பு, உள்ளே ஒரு செருப்பு.

அதற்குள் சண்டை முற்றி, மிதக்குமா கவிழுமா என்று பந்தயமாகிவிட்டது. கழுவி வைத்த பிரியாணி அண்டாவில் தண்ணீர் ரொப்பினார்கள். விமானக்காரர், பீரங்கிக்காரர் எல்லோரும் தங்கள் மேஜையை விட்டுவிட்டு அண்டாவைச் சுற்றி நின்றார்கள். நைனா போட்டை இறக்கினார். அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. நடுவர் லேசாகச் செருமினார்.

"இருய்யா! ஐஸு ஏத்தாம எவனாவது போட்ட கடல்ல வுடுவானா?" ரோஸ்மில்க் மேஜையிலிருந்து ஐஸ் கட்டியை அள்ளி வந்து, மேல்பலகையைப் பெயர்த்து, மீன் போடுகிற அறைக்குள் ஒவ்வொன்றாக இறக்கினார். முன்னால் ரெண்டு, பின்னால் நாலு. போட்டு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து நேராக நின்றது! ஹாலே கத்தியது. நடுவரும் கை தட்டினார், அது அவர் பெருந்தன்மை. மார்க் தாளில் அளவுக்கு முட்டை போட்டுவிட்டு, இல்லாத கட்டம் ஒன்றை அவரே கோடு போட்டு வரைந்து "மிதப்பு: நன்று" என்று எழுதினார். செல்வம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தானா அழுதானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரிசு கிடைக்கவில்லை. பெயின்ட் உப்பி, பலகை ஊறிப்போன அந்த போட்டை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார் நைனா. ஏறுகிறவர்களையெல்லாம் "தள்ளி குந்துபா, போட்டு கீது" என்றாராம்.

இப்போது அந்த ஹால் இல்லை. ஆரோக்கியம் மாதவரத்துக்கு வீடு மாறிப் பசையைத் தொடுவதையே விட்டுவிட்டான். போனைக் காட்டினால் அதுவே அளந்துகொள்கிறது, மெஷின் அச்சடித்துத் தருகிறது, ஒரு நூல் பிசகுவதில்லை. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாசம் ஒரு ஏசி ஹாலில் கூட்டம். நானும் செல்வமும் செய்த இழுவைக் கப்பலைப் பார்த்து ஒரு நடுவர், இது ரெண்டு அலைக்குத் தாங்காது என்றார். நான் "ஆமா சார்" என்று தலையாட்டினேன். செல்வமும் தலையாட்டினான். அவர் பாட்டுக்கு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார், சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல்.