காட்டு இலாகா மாப்பிள்ளை

எங்க அண்ணன் சிவசைலம் கணக்குல புலி. கல்லிடைக்குறிச்சியில அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பி.ஏ.க்குப் பட்டணம் போகணும், எதை எடுத்துப் படிக்கதுன்னு பேச்சு வந்தப்ப, கணக்குன்னுதான் சொன்னான். அப்பா தில்லைநாயகம் பிள்ளைக்கு அது காதுலயே ஏறல. "கணக்குப் படிச்சவன் தெருவுக்கு நாலு பேரு சும்மா கெடக்கான்லே"ன்னாவ. கோர்ட்டு குமாஸ்தாவா இருந்த எங்க மாமா, "ஜீவ சாஸ்திரம் எடுக்கச் சொல்லுங்க அத்தான். அதுக்கு ஆளே இல்ல. மரம், செடி, கொடி, அவ்வளவுதான். காட்டு இலாகாவுல கொத்திக்கிட்டுப் போயிருவான்"னாவ. அந்தப் படிப்புல என்னதான் இருக்குன்னு ஒருத்தராவது கேக்கணுமே? உத்தியோகம் வருமா, அது ஒண்ணுதான் கேள்வி!

பட்டணத்துக் காலேஜுல எடுத்த எடுப்புலயே வாத்தியான் தவளையக் கையில குடுத்து அறுக்கச் சொல்லியிருக்கான். நாங்க முட்டை ஓட்டைக்கூட மிதிக்காத சைவ வீடு. லீவுக்கு வந்தவன் பூசையறைப் பக்கமே போகல. ஆத்துல போயி கையத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சான். அப்பாகிட்ட சொல்ல வெக்கப்பட்டு, தங்கச்சின்னு எங்கிட்ட மட்டும் சொன்னான்.

படிச்சு முடிச்சதும் வேலை கெடச்சுது, அது பொய்யில்ல. ஆனா காட்டுல இல்ல. தூத்துக்குடியில, சர்க்கார் புதுசா வச்ச மீன் இலாகாவுல. கருவாட்டு மூட்டை அடுக்கி வச்சிருக்க கிட்டங்கி ஒவ்வொண்ணாப் போயிப் பாக்குத வேலை.  அப்பா, "மகன் காட்டு இலாகா"ன்னு தெருவெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டாவ. உள்ளதைச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்னு பயம்.

அங்கன அண்ணன் காய்ச்சல்ல விழுந்தப்ப, கருவாட்டு யாவாரி முகம்மது மைதீன்தான் தன் வீட்டுல வச்சுப் பாத்திருக்காரு. அவரு சம்சாரம் ஆசியா உம்மாள் இவனுக்குன்னே புதுச் சட்டி வாங்கி, மீன் வாடை படாம முத்தத்துல தனி அடுப்பு போட்டுக் கஞ்சி வச்சுக் குடுத்தாவளாம். அதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

பாளையங்கோட்டை சிவசண்முகம் பிள்ளை மகளைப் பேசி, அவுக வீட்டுல நிச்சயதார்த்தம். நான் பொம்பளையளோட வாசல்நடையில நிக்கேன். மாப்பிள்ளையா அண்ணன் சந்தனம் பூசிக்கிட்டுப் பந்தல்ல இருக்கான். திடீர்னு மைதீன் வந்து நிக்காரு, தட்டு நிறையப் பழத்தோட. "ஐயா! நீங்க இல்லாம மீன் கிட்டங்கிக்கே களையில்ல"ன்னு வாயெல்லாம் சிரிப்பு.

அப்பா விருட்டுன்னு எந்திரிச்சாவ. "யாரு வே நீரு? என் மகன் காட்டு இலாகா. ஆள் மாறி வந்துட்டீரு."

மைதீன் அண்ணனைப் பாத்தாரு. ஏலே, வாயத் தொறடான்னு மனசுக்குள்ள சொன்னேன். அவன் வாயத் தொறந்தான். "எனக்கு உங்களத் தெரியாதே"ன்னான்.

பாவி! மைதீனுக்கு எல்லாம் விளங்கிருச்சு. "மன்னிக்கணும், எனக்குக் கண்ணு சரியில்ல"ன்னு சொல்லி, தட்டைப் பைய ஓரமா வச்சிட்டு வெளிய போயிட்டாரு. எனக்கு நின்ன எடத்துலயே செத்துரலாம்னு இருந்துச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சுப் பொண்ணோட அப்பா உள்ள இருந்து வந்தாவ. "மைதீன் அண்ணாச்சி வந்தாகன்னாங்களே, எங்க?"

ஓரமா இருந்த பழத்தட்டு அவுக கண்ணுல பட்டுது.

"நான்தான் வரச்சொன்னேன். தூத்துக்குடியில மாப்பிள்ளையப் பத்தி அவர்கிட்டதான் விசாரிச்சேன். மீன் ஆபீஸ்ல இப்படி ஒரு தங்கமான புள்ளை கெடையாது, கண்ண மூடிக்கிட்டுக் குடுங்கன்னாக. இல்லன்னா காட்டு இலாகான்னு பொய் சொன்ன எடத்துல நான் எதுக்குச் சம்பந்தம் வைக்கேன்?"

அப்பாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அண்ணன் தலையத் தூக்கல. பந்திக்குக் கூப்பிட்டாவ. இப்பவாவது எந்திரிச்சு அந்த மனுசன் பின்னால ஓடுவான்னு பாத்தேன். எந்திரிச்சான். நேரே போயி இலை முன்னால உக்காந்தான்.