பச்சையம்மாள் கொடுத்த தண்ணீர்

பச்சையம்மாள் வாழ்க்கைப்பட்டது கங்காதர நெல்லூருக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில். கணவர் கிருஷ்ணப்பா. இருவரும் கூலி வேலை செய்துவந்த நிலத்திலேயே ஒன்றரை ஏக்கரை 1991இல் விலைக்கு வாங்கினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் போர்வெல் போட்டார்கள். கரும்பு இரண்டு முறை வெட்டினார்கள். அதன் பிறகு ஏரி நிரம்பவில்லை, போர்வெல்லும் இளைத்தது. 1999இல் கிருஷ்ணப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

2002இல் மாந்தோப்பு வைக்க நிலம் தேடி ஒருவர் வந்தார். கொடுத்துவிடலாம் என்பது கிருஷ்ணப்பாவின் எண்ணம். பச்சையம்மாளுக்கு மனம் வரவில்லை. ஏரியைத் தூர்வாரப் போவதாக ஊரில் பேச்சிருந்தது. போர்வெல்லுக்கு ஊறுவது ஏரித் தண்ணீர்தான் என்றால் நிலம் பிழைக்கும், கணவரும் ஊரோடு இருப்பார். இல்லையென்றால் விற்பதைத் தவிர வழியில்லை.

அந்தக் கோடையில் திருப்பதியிலிருந்து சுமித்ரா வந்தார். நிலத்தடி நீரின் போக்கை ஆராயும் மாணவி. எந்தத் தண்ணீரிலும் எடை கூடிய அணுக்கள் சிறிதளவு கலந்திருக்கும். வெயிலில் கிடக்கும் தண்ணீரில் இலேசானது முந்திக்கொண்டு ஆவியாகிவிட, கனமானது மிஞ்சும். ஏரித் தண்ணீரை அந்தக் கனமே காட்டிக்கொடுக்கும். அது போர்வெல்லிலும் தென்பட்டால் ஏரி அங்கே ஊறுகிறது என்று பொருள்.

மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே சுமித்ரா இரண்டு சிறு புட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கரண்ட் வந்ததும் பைப்புலயே நேரா புடிங்கக்கா. காத்து நிக்காம மூடணும்."

கரண்ட் வந்தபோது பைப்பில் செம்மண் கலங்கலாக வந்தது. வீடு தேடி வந்தவருக்குத் தெளிந்த தண்ணீரை மொண்டு கொடுத்தே பழகியவர் பச்சையம்மாள். இதைத் திருப்பதிக்கு அனுப்பக் கூசினார். பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில், முந்தைய வாரம் அதே போர்வெல்லிலிருந்து இறைத்த தண்ணீர் வெயிலில் தெளிந்து கிடந்தது. அதில் மொண்டார். காற்று நிற்காமல் மூடினார்.

மழைக்காலத்தில் சுமித்ரா முடிவோடு வந்தார்.

"ஏரித் தண்ணி மாதிரியேதான் காட்டுதுக்கா."

பச்சையம்மாள் அன்றே கிருஷ்ணப்பாவுக்குப் போன் செய்தார். கிருஷ்ணப்பா மூட்டையோடு வந்து சேர்ந்தார். பக்கத்து நிலத்து ரமணா கேலி செய்தார்.

"இன்னாண்ணா, பெங்களூரு கசந்துபூட்ச்சா?"

"சிமெண்ட்டு துன்னது போதும்பா."

நிலம் கேட்டவர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்.

தை மாதம் சுமித்ரா மறுபடி வந்தார். முகம் சரியாக இல்லை.

"சுத்துவட்டாரத்துல எந்தப் போர்வெல்லுலயும் இல்லாதது உங்களுதுல மட்டும் இருக்குதுக்கா. பைப்புலதானே புடிச்சீங்க?"

"அது ஒரே கலங்கலா வந்துக்கினு இருந்துச்சிம்மா. உனுக்குப் போயி அதக் குடுப்பாங்களா? தொட்டியில தெளிஞ்சிருந்தத மொண்டேன்."

வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீரும் ஏரித் தண்ணீரைப் போலவே கனத்திருக்கும் என்று சுமித்ராவுக்குப் புரிந்தது. கரண்ட் வரும்வரை காத்திருந்து, தாமே பைப்பில் பிடித்துப் போனார். அதில் ஏரியின் அடையாளம் இல்லை.

"மேற்கால மலையில பேஞ்ச மழைண்ணா. பாறை வெடிப்பு வழியா வருது" என்று திரும்பி வந்து கிருஷ்ணப்பாவிடம் சொன்னார்.

"அப்ப ஏரி ரொம்புனா?"

"உங்களுக்கு வராதுண்ணா."

கிருஷ்ணப்பா மனைவியைத் திட்டவில்லை. "நல்ல தண்ணி குடுத்த, போ" என்று மட்டும் சொன்னார். நிலத்தை வாங்க ஆளில்லை; வைத்துப் பயிரிடத் தண்ணீரில்லை. மாசியில் அவர் மறுபடி பெங்களூர் ரயில் ஏறினார். பச்சையம்மாள் மானாவாரியாகக் கொள்ளு விதைத்தார். விளைந்த ஆண்டும் உண்டு, விளையாத ஆண்டும் உண்டு.

2005ஆம் ஆண்டு மழையில், தூர்வாரிய ஏரி கரை தொட்டது. ஊரார் பொங்கல் வைத்தார்கள். பச்சையம்மாளின் போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை.

கிருஷ்ணப்பா இரண்டாம் முறை பெங்களூரில் இருந்தது பதினோரு ஆண்டுகள்.