முதல் கதிரை

வெளிநாட்டில் வேலை செய்யும் சாச்சாமார் எங்கள் ஊர் மாம்புரியில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனால் பனிமலையில் கதிரைகளைப் பறக்கவிடுகிறவர் என் வாப்பாவின் தம்பி மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் இதை நான் சும்மா விடவில்லை.

லெபனானில் ஒரு மலை. பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களை உட்காரவைத்து உச்சிக்குக் கொண்டுபோகும் கம்பிவடக் கதிரைகளுக்கு அவர் மெக்கானிக். ஒவ்வொரு கதிரையின் தலையிலும் ஓர் இரும்புப் பிடி, ஓடும் வடத்தைக் கவ்விக்கொண்டிருக்குமாம். கீழே வந்ததும் அது தானாக வடத்தை விட்டுவிடும். கதிரை வேகம் குறைந்து, ஆட்கள் ஆறுதலாக ஏறியதும் மறுபடி கவ்வும். பனி இல்லாத மாதங்களில் சாச்சா அந்தப் பிடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெடிப்பு உண்டா என்று பார்த்து, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, கிறீஸ் பூசிப் பூட்டுவார். பூட்டி முடிந்ததும் முதல் கதிரையில் அவரே ஏறி உச்சிவரை போய்வருவார். எத்தனை பெரிய பணக்காரர் வந்தாலும் அந்த முதல் கதிரை கிடையாது. வகுப்பில் நான் அழுத்தம் திருத்தமாகச் சொன்னது இதைத்தான்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் லீவில் வந்திருந்தார். கடற்கரையில் ராட்டினம் போட்டிருந்தார்கள். புதுச்சட்டையோடு உம்மாவின் கையைப் பிடித்தபடி வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. எனக்கான பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. எனக்கு அது பாட்டு, சாச்சாவுக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே கையை நீட்டி என்னை மறித்தார்.

ராட்டினக்காரரிடம் கதைத்து, பெட்டியைத் தாங்கும் ஆணியைக் கழற்றுவித்தார். பெருநாள் சாரத்தின் முனையாலேயே அதைத் துடைத்து, வெயிலில் பிடித்து, நகத்தால் மெல்லச் சுரண்டினார். அது வேண்டாம் என்று சொல்லி, வேறோர் ஆணி வாங்கி, அதையும் அப்படியே சோதித்து, கிறீஸ் பூசிப் பூட்டினார். பின்னால் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். பிறகு ஃபோனையும் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார்.

“நானும் வாறன் சாச்சா.”

“இல்ல மகள், முதல் சுத்து எனக்கு. அங்கயும் அப்படித்தான்.”

மீசை வைத்த மனிதர், ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருக்கத் தனியாகச் சுற்றினார். உச்சியில் எழுந்து நின்று பெட்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. உம்மாவிடம் முறையிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தபடி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சாச்சா இறங்கி வந்து, “இப்ப ஏறு” என்று என்னைத் தூக்கி வைத்தார். மேலே போனதும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பின் அலையில்லாத நீரும் தெரிந்தன. என் கோபம் காற்றோடு போய்விட்டது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும், எங்கள் சாச்சாவுக்கு எந்த நாட்டிலும் முதல் கதிரைதான் என்று பீற்றிக்கொண்டேன். தோழிகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தக் கதிரையில் அவரோடு ஏன் வேறு யாரையும் ஏற்றுவதில்லை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.